ஹேமாம்புஜத்தின் கம்பளிக் கோட்டு

அம்ருதவல்லி டெல்லிக்குப் போகப் போகிறாள் என்று சன்னதித் தெருவில் பேச்சு அடிபட்ட அன்றைக்கே ஹேமாம்புஜத்துக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. எரியாதா பின்னே? டெல்லியில் இருப்பது யாருடைய தம்பி? ஹேமாம்புஜத்தின் கூடப் பிறந்த தம்பி தேசிகன். பத்து வருஷமாகக் கரோல்பாகில் குடியிருந்துகொண்டு, 'தை மாசக் குளிரில் ஒரு தடவை வா அக்கா, குடியரசு தின ஊர்வலம் பார்க்கலாம், யானை வரும், ஒட்டகம் வரும்' என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிறவன். அந்தப் பத்து வருஷத்தில் ஹேமாம்புஜம் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வடக்கே போனது திருப்பதி வரைக்கும்தான்.

அவள் புருஷன் கிருஷ்ணஸ்வாமி பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருத வாத்தியார். காலையும் மாலையும் வரதராஜப் பெருமாள் சன்னதியில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில் அவர் குரல் கேட்காமல் இருக்காது. டெல்லிப் பேச்சை எடுத்தால், "பெருமாளை விட்டுட்டு எங்கேடி போறது?" என்பார். போகாதே என்று பெருமாள் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சியதாக ஹேமாம்புஜத்துக்குத் தெரியவில்லை.

எதிர்வீட்டு சடகோபன் அப்படி இல்லை. மத்திய சர்க்கார் உத்தியோகம். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு ஊர் சுற்றிவர ரயில் செலவைச் சர்க்காரே கொடுக்கும். போன தடவை அதை வீணாக்கியவர், இந்தத் தடவை பெண்டாட்டி அரித்த அரிப்பில் டெல்லிக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். அந்தப் பெண்டாட்டிதான் அம்ருதவல்லி. ஹேமாம்புஜமும் அவளும் ஒரே வருஷம் இந்தத் தெருவுக்கு வாழ வந்தவர்கள். ஒருத்தி வீட்டுக் குழம்பு இன்னொருத்தி வீட்டுக்குப் போகாத நாள் கிடையாது.

"ஹேமா, உன் தம்பி ஆத்துலேதான் எறங்கப் போறோம். நீ ஒரு வரி எழுதிப் போட்டுடேன்" என்றாள் அம்ருதவல்லி, வாயெல்லாம் பல்லாக.

அந்தக் கடிதத்தை ஹேமாம்புஜம் தன் கையாலேயே எழுதினாள். 'என் ஆத்ம சிநேகிதி வருகிறாள், நன்றாகக் கவனித்துக்கொள்' என்று எழுதும்போது பேனா முனை காகிதத்தைக் கிழித்தது.

அன்று முதல் தினமும் மத்தியானம் அம்ருதவல்லி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். என்னென்ன எடுத்துப் போவது, எந்த நாள் குதுப்மினார், எந்த நாள் செங்கோட்டை, ரயிலில் இரண்டு நாளைக்குப் புளியோதரை தாங்குமா தாங்காதா என்று கேள்விமேல் கேள்வி. தம்பி டெல்லியில் இருப்பதால் ஹேமாம்புஜத்துக்கு எல்லாம் தெரியும் என்று அவளுக்கு எண்ணம். போகாத ஊருக்கு வழி சொல்லிச் சொல்லி ஹேமாம்புஜத்துக்கு நாக்கே கசந்துபோயிற்று. கொஞ்சம் பயமுறுத்திப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

"அங்கே கார்த்தாலே ஸ்நானம் பண்ணவே முடியாதாம். தலையிலே விட்டுண்ட ஜலம் கட்டியாயிடுமாம். பல்லு கிட்டிச்சுப் போய் ரெண்டு பேர் போன வருஷம் செத்தே போயிட்டாளாம்" என்றாள்.

"அப்படியாடி!" அம்ருதவல்லியின் கண் விரிந்தது. "ஐயோ, அந்தக் குளிரை இப்பவே பார்க்கணும் போல இருக்கே!"

இப்படி ஒரு பிறவியை என்ன செய்வது? ஹேமாம்புஜம் எழுந்து போய் அடுப்பில் ஒன்றுமில்லாத பாத்திரத்தைக் கிளறினாள்.

பொங்கல் கழிந்ததும் கோட்டு வந்து சேர்ந்தது. சடகோபன் மெட்ராஸ் மூர்மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிவந்த பெண்பிள்ளைக் கம்பளிக் கோட்டு. அரக்குக் கலர், உள்ளங்கை அகலத்தில் கறுப்புப் பட்டன்கள், முழங்கால் வரை நீளம். அம்ருதவல்லி அதை மடிசார் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டு, காஞ்சிபுரத்துப் பட்டப்பகல் வெயிலில், தெருக்கோடி வரை நடந்து காட்டிவிட்டு வந்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு வராதவள் ஹேமாம்புஜம் ஒருத்திதான். அந்தக் கோட்டு தனக்குத்தான் எடுப்பாக இருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ரயில் புதன்கிழமை. பஞ்சாங்கத்தைப் பார்த்த அம்ருதவல்லியின் மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். புதன்கிழமை வடக்கே சூலம், வடக்கே கிளம்பவே கூடாது. டிக்கெட்டை மாற்றவும் முடியாது. அதற்கும் ஒரு வழி இருக்கவே இருக்கிறது. திங்கட்கிழமை நல்ல நேரத்தில் பயண மூட்டை ஒன்றைப் போகிற திசையில் இருக்கும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அதற்குப் பரஸ்தானம் என்று பேர். மூட்டை கிளம்பிய நேரம்தான் ஆள் கிளம்பிய நேரம். ஆள் பிற்பாடு போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போகலாம்.

"ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் மாமியார். "வெளியே போன சாமான் இந்த வாசப்படியைத் திரும்பி மிதிக்கப்படாது. மிதிச்சா யாத்திரை முறிஞ்சது. அப்புறம் டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட வேண்டியதுதான்."

சடகோபன் வீட்டுக்கு வடக்கே, எதிர்ச்சாரியில் இருப்பது ஹேமாம்புஜத்தின் வீடு. ஆகவே பரஸ்தானமும் அவள் தலையில்தான் விடிந்தது. துணிப்பைக்குள் கொஞ்சம் அரிசி, மஞ்சள், ஒரு புடவை, எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கோட்டு.

திங்கட்கிழமை முழுக்க அந்தப் பை கூடத்து மூலையிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதை எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டுக்குள் வைத்துவிட்டால்? பத்தே அடி. 'அடடா, மறந்துபோயிட்டேனே' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டால் முடிந்தது. அம்ருதவல்லியும் தன்னைப் போல இங்கேயே கிடப்பாள். இப்படி நினைத்த மறு நிமிஷமே பெருமாள் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். பெருமாளே, எனக்கா இந்தப் புத்தி என்று விளக்கேற்றி விழுந்து சேவித்தாள். சேவித்து எழுந்தபோதும் கண் அந்த மூலைக்குத்தான் போயிற்று.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிருஷ்ணஸ்வாமி பள்ளிக்கூடத்தில் இருந்தார். ஹேமாம்புஜம் கதவைச் சாத்தினாள், பையை அவிழ்த்தாள், கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழுத்து வரை போட்டாள். நிலைக்கண்ணாடி முன்னால் நின்றாள். சும்மா சொல்லக்கூடாது, தைத்துப் போட்ட மாதிரி இருந்தது. கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு, இடுப்பைக் கொஞ்சம் ஒடித்து, "எப்படிடா இருக்கேன், தேசிகா?" என்று கண்ணாடியைக் கேட்டாள். முதுகில் வேர்வை ஆறாக ஓடியது. கழற்ற மனசு வரவில்லை.

அப்போதுதான் எதிர்வீட்டிலிருந்து அலறல்.

"ஐயோ! ஹேமா! ஓடி வாயேண்டி! குரங்கு!"

கோயில் குரங்குகள் அந்தத் தெருவுக்குப் புதிதில்லை. ஆனாலும் அந்தக் கடுவன் குரங்கு எல்லோருக்கும் தெரிந்த போக்கிரி. போன மாசம்தான் ஒருத்தர் தொடையைக் கடித்துக் குதறியிருந்தது. ஹேமாம்புஜம் வேறெதையும் யோசிக்கவில்லை. மூலையில் கிடந்த, துணி உலர்த்துகிற கொடிக்கம்பைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தாள். அம்ருதவல்லி வீட்டு முற்றத்தில் ரயிலுக்குச் சுட்டு வைத்த தட்டை டப்பாவும் கையுமாகக் கடுவன் உட்கார்ந்திருந்தது; மூலையில் அம்ருதவல்லியும் மாமியாரும் ஒடுங்கி நின்றார்கள். "போ சனியனே!" என்று ஹேமாம்புஜம் கம்பை ஓங்கிக்கொண்டு எதிரே போய் நின்றாள். அரக்குக் கலரில் அப்படி ஒரு உருவத்தை அது ஜன்மத்தில் பார்த்திருக்காது. டப்பாவைப் போட்டுவிட்டு ஒரே தாவில் கூரைக்கு ஏறி ஓடிப்போயிற்று.

முதலில் மூச்சு வந்தது மாமியாருக்குத்தான். ஹேமாம்புஜத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடி இது, நீ போட்டுண்டிருக்கிறது?"

ஹேமாம்புஜம் குனிந்து பார்த்தாள். கறுப்புப் பட்டன்கள் வரிசையாக இருந்தன.

"பரஸ்தானத்துச் சாமான் உள்ளே வந்துடுத்தே! போச்சு, எல்லாம் போச்சு! ஏண்டி, வேணும்னேதானே பண்ணினே?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். இன்றைக்கு வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியம். நேற்றைக்கு நினைத்தாளே, அதற்கு என்ன சொல்வது? மானம் போயிற்று, சிநேகிதமும் போயிற்று, பத்தொன்பது வருஷப் பழக்கமும் இந்தக் கோட்டோடு போயிற்று என்று நின்றாள். அம்ருதவல்லி அவள் முகத்தையே பார்த்தாள். அம்ருதவல்லியே அழுதுவிடுவாள் போலத்தான் இருந்தது. அப்புறம் சட்டென்று மாமியார் பக்கம் திரும்பினாள்.

"அது என் சாமான் இல்லேம்மா. அந்தக் கோட்டை நேத்திக்கே நான் ஹேமாவுக்குக் குடுத்துட்டேன். பையைக் கொண்டுபோய் வச்சபோதே, நீயே எடுத்துக்கோடின்னு சொல்லிட்டேன். இல்லையாடி?"

ஹேமாம்புஜம் தலையை ஆட்டினாள். வேறென்ன செய்ய முடியும்?

"அப்போ நீ எதைப் போட்டுண்டு போவே?" என்றாள் மாமியார், நம்பியும் நம்பாமலும்.

"இவரோட பழைய சால்வை இருக்கே."

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. "குளிர்லே போறவ தன் கோட்டையே தூக்கிக் குடுத்துட்டாளாமே! மனசுன்னா அதுன்னா மனசு!" என்று வீட்டுக்கு வீடு புகழ்ச்சி. கோயிலிலிருந்து வந்த கிருஷ்ணஸ்வாமிகூட, "அம்ருதவல்லி மாதிரி ஒருத்தியைப் பார்க்க முடியாது" என்றார். ஹேமாம்புஜத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டெல்லிக்கும் அவள்தான் போகிறாள், நல்லவள் என்ற பேரையும் அவளே தட்டிக்கொண்டு போகிறாள். தனக்கு மிஞ்சியது காஞ்சிபுரத்தில் எந்த மாசமும் போட்டுக்கொள்ள முடியாத ஒரு கோட்டு! திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. கொடுத்தால் அது மறுபடி அவள் சாமானாகிவிடும்; யாத்திரை முறிந்தது முறிந்ததுதான்.

புதன்கிழமை காலையில் ஜட்கா வண்டி வந்து நின்றது. பரஸ்தானப் பையை எடுத்துக்கொண்டு ஹேமாம்புஜம் தெருவுக்கு வந்தாள். இன்னொரு கையில் கோட்டு மடித்துத் தொங்கியது.

"இந்தாடி, இது என் கோட்டு. எரவல்தான் தரேன். பத்திரமாப் போட்டுண்டு போய்ப் பத்திரமாக் கொண்டுவந்து சேர்க்கணும். ஒரு பட்டன் கொறைஞ்சாலும் விடமாட்டேன்" என்றாள், தெருவே கேட்கும்படி.

எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள். மாமியார் ஒரு நிமிஷம் யோசித்தாள். "அவ சாமான்னா, முறிஞ்சாலும் அவ யாத்திரைதான். நமக்கென்ன, வாங்கிக்கோ" என்றாள். ஜட்காவில் ஏறிய அம்ருதவல்லி, ஹேமாம்புஜத்தின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஹேமாம்புஜம் கையை உருவிக்கொண்டாள், கொஞ்ச நேரம் கழித்துத்தான்.

பத்து நாள் கழித்துத் தேசிகனிடமிருந்து கார்டு வந்தது. 'அக்கா, ஊர்வலத்தை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். செங்கோட்டை, குதுப்மினார், பிர்லா மந்திர் எல்லாம் ஆயிற்று. நேற்றைக்கு ஆக்ரா. போகிற இடமெல்லாம் அம்ருதவல்லி மாமி, "இது ஹேமாவோட கோட்டாக்கும்" என்று பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். கோட்டை அனுப்பிவிட்டாய், நீ எப்போது வருகிறாய்?'

ஹேமாம்புஜம் அதை மூன்று தடவை படித்தாள். அம்ருதவல்லி மேல் பொறாமைப்பட்டது போதாதென்று, இப்போது ஒரு மூர்மார்க்கெட் கோட்டின் மேலும் பொறாமைப்பட வேண்டியதாயிற்று. அவளுடைய கோட்டு, அவளுடைய தம்பி, அவள் மட்டும் இங்கே.

கோயிலிலிருந்து கிருஷ்ணஸ்வாமி வந்து மணையில் உட்கார்ந்தார்.

"ஏன்னா, என் கோட்டு டெல்லி பார்த்துடுத்து" என்றாள்.

"எல்லாம் பெருமாள் அனுக்கிரகம்" என்றார் அவர்.

அன்றைக்கு அவருக்குக் கொடுத்த காபியில் அவள் சர்க்கரையே போடவில்லை.