கடைசியாகச் சொன்ன விலை

"இன்னும் கொஞ்சம் ஏத்தித் தரேன் பாய். சரின்னு சொல்லுங்க" என்றார் மெட்ராஸ்காரர் கண்ணையன்.

ஹபீப் முகமது பதில் சொல்லவில்லை. கொட்டகையில் நின்ற சிவப்பு சிம்கா காரில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலை தாழ்ந்து உட்கார்ந்திருந்தார். அடுப்படி வாசலில் நின்ற மனைவி சபுராவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. விலை படியும்வரை வாய் திறக்காமல் இருப்பதுதான் அவருடைய வியாபாரம். வில்லியனூருக்கே தெரியும்.

பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வண்டிகளைத் தேடி வாங்கி, சரிபண்ணி விற்பவர் அவர். ரெண்டே பேர் உட்காரும் இந்த பந்தய ஜாதி வண்டியை மட்டும் விற்கவேயில்லை. "இனிமே இத எவன் செய்யப்போறான்? இருவது வருசம் போவட்டும், வெள்ளக்காரனே வந்து வரிசையில நிப்பான்" என்பார். "அதுவரிக்கும் நம்ம ஆரிபா கல்யாணம் ஆவாம குமராவே நிக்கட்டுமா?" என்று கேட்டுக் கேட்டு சபுரா ஓய்ந்திருந்தாள். இன்று காலைதான், மகள் முகத்தைப் பார்க்காமல், "அந்தாளு வரட்டும், பேசிப் பாப்போம்" என்றார்.

கண்ணையன் வண்டியைச் சுற்றி வந்தார். பம்பரைத் தடவினார். பாயின் மௌனத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஏற்றினார்.

"இதுக்கு மேல என்னால முடியாது பாய்."

போதும், சொல்லிவிடுங்கள் என்று ஜாடை காட்ட சபுரா கொட்டகைக்குள் வந்தாள். அவர் நிமிரவில்லை.

"இன்னாங்க" என்று தோளைத் தொட்டாள். அவர் அப்படியே பக்கத்து சீட்டில் சரிந்தார். கண் திறந்திருந்தது.

"பேசிக்கிட்டே இருந்தேனே... இப்பதானே பேசிக்கிட்டிருந்தேன்" என்று கண்ணையன் திரும்பத் திரும்பச் சொன்னார்.

தாழ்வான வண்டி. தெருவே கூடித் தூக்க வேண்டியிருந்தது. கண்ணையனும் கால் பக்கம் பிடித்தார். கொழுந்தன் சிராஜுதீன் கூட்டிவந்த டாக்டர், உயிர் போய் அரை மணிக்கு மேலிருக்கும் என்றார். ஆரிபா அலறினாள். சபுராவுக்கு அழுகை வரவில்லை. அடுப்படி வாசலில் நின்று தான் சிரித்தது எப்போது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவை எடுத்தார்கள். கபுரஸ்தானிலிருந்து திரும்பிய சிராஜுதீன், பெண்கள் இருந்த அறையின் திரைக்கு வெளியே நின்றான்.

"அண்ணி, அந்தாளு கடசியா சொன்ன வெலைக்கே எடுத்துக்கிறேங்கிறாரு. வாக்கு வாக்குதானாம். இன்னா சொல்றது?"

ஆரிபா அம்மாவைப் பார்த்தாள்.

"உங்க அண்ணன் இன்னும் ஒண்ணும் சொல்லலியே" என்றாள் சபுரா. "சொல்லட்டும்."

சிராஜுதீன் வெளியே போனான்.

ஜன்னல் வழியே தெரு தெரிந்தது. சிராஜுதீன் சொன்னதைக் கண்ணையன் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். பாண்டிச்சேரி பஸ் வந்து நின்றதும் ஏறிக்கொண்டார். கபுரஸ்தானில் மற்றவர்களைப் பார்த்துத் தலையில் கட்டிக்கொண்ட கைக்குட்டையை அவர் இன்னும் அவிழ்க்கவில்லை.