ஐம்பத்தைந்து வயதுவரை

சேமநிதி அலுவலகத்தில் என் தங்கை பெக் ஹூன் நின்ற நிலை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. விவாகரத்து முடிந்து, கணவன் கோக் வாவின் சம்பளத்தில் ஓய்வுக்காலத்துக்காகப் பிடித்துவைத்த சேமநிதியில் பாதி அவளுக்கு என்று உத்தரவாகியிருந்தது. அதை எடுத்து வாடகைக்கு அறை பிடிக்கலாம் என்று வந்திருந்தாள். 'என் டிங்' என்ற எட்டு வயது மகளோடு அதுவரை என் வீட்டுக் கூடத்தில்தான் படுத்துக் கிடந்தாள்.

"பணம் உங்க கணக்குக்கு வந்துடுச்சு மேடம். கையில எடுக்க அம்பத்தஞ்சு வயசாகணும்," என்றாள் அங்கிருந்த பெண்.

பெக் ஹூனுக்கு முப்பத்தேழு.

"வீடு வாங்க எடுக்கலாமே," என்றாள் அந்தப் பெண் ஆறுதலாக.

"எனக்கு வேலையே இல்ல. மீதிக்கு யாரு கடன் தருவா? அரிசி வாங்க எடுக்கலாமா?"

"முடியாது மேடம்."

இந்தப் பணத்துக்காகத்தானே பெக் ஹூன் பிள்ளைக்கான மாதப் பணமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள்! மாதாமாதம் தரட்டுமா, சேமநிதியில் கூடுதல் பங்கு வேண்டுமா என்று கோக் வா கேட்டபோது இவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவனிடம் கையேந்த மாட்டாளாம். அவளுடைய வக்கீல் நோர்லைலா எவ்வளவோ எடுத்துச் சொன்னார். இவள் காதில் ஏறினால்தானே! அன்று மிளகாய் நண்டு வாங்கிக் கொண்டாடினாள், மகாராணி.

கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்து வக்கீலுக்குப் போன் செய்தோம்.

"அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றார். "சரி, அழாத. பிள்ளைக்குச் சேர வேண்டியது உன் சொத்து இல்லம்மா. நீ வேணாம்னு எழுதினாலும், அவளுக்காக மறுபடி கோர்ட்ல கேக்கலாம்."

பெக் ஹூன் என்னைப் பார்த்தாள். நானும் வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தேன். அப்படியானால் தன்னுடையதல்லாத, மகளின் பணத்தையா இவள் தூக்கிக் கொடுத்தாள்!

கண்ணைத் துடைத்துக்கொண்டு கோக் வாவை அழைத்தாள். ஒலிபெருக்கியைப் போடச் சொன்னேன்.

"என்ன, மானஸ்தி அம்மா? பாதிய முழுங்கியும் பசி அடங்கலையா?"

"என் டிங்குக்கு மாசப் பணம் வேணும். கோர்ட்டுக்குப் போறேன்."

"வேணாம்னு கையெழுத்துப் போட்டவ நீதானடி!"

"ஆமா, நான்தான் போட்டேன்." போனை வாயருகே இழுத்துக்கொண்டாள். "உன் மக போடலையே."