கன்னத்துக்குள் ஒரு வேர்

கணினித் திரையில் தெரிந்த தன் மண்டையோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள் யோசப்பின். வலது கன்னத்தின் கறுத்த வெளிக்குள் வெள்ளையாகச் சிறு துண்டொன்று கிடந்தது. பருத்தித்துறையில் சிநேகிதி வீட்டில் நின்றபோது கீழ்ப்பல் ஒன்று வலித்ததால்தான் அங்கிருந்த பல் டொக்டரிடம் வந்திருந்தாள்.

“உது பழைய மேல்பல்லின்ரை வேர், அம்மா,” என்றார் டொக்டர் கேதீஸ்வரி. “பிடுங்கேக்கை முறிஞ்சு, மூக்குக்குப் பக்கத்துக் காத்தறைக்குள்ளை போயிருக்கு. உங்கடை மூக்கிலை வாற சீழுக்கும் மணத்துக்கும் அதுதான் காரணம். பிடுங்கினவர் சொல்லேல்லையோ? அவருக்குத் தெரியாமல் இருந்திராது.”

பிடுங்கியவன் அவளுடைய தம்பி கிறிஸ்ரோபர். அம்மா செத்தபின் தையல் தைத்து அவள் படிப்பித்த தம்பி. குருநகரில் பல் டொக்டர் என்று அவனுடைய பெயர்ப்பலகை ஏறிய நாளில் அவள் பங்குக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்தாள். மூன்று வருடத்துக்கு முன் அந்தப் பல்லைப் பிடுங்கியதும் அவன் எக்ஸ்ரே ஒன்று எடுத்து நெடுநேரம் பார்த்தான். “எல்லாம் சரி அக்கா,” என்றான். அதற்குப் பிறகுதான் மூக்கில் அழுகல் மணம் தொடங்கியது. பீனிசம் என்று சொல்லி அவனே துளிமருந்தும் தந்தான். கோயில் பாட்டுக் குழுவில் பக்கத்தில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பத் தொடங்கியபோது அவளாகவே விலகிக்கொண்டாள். தன் உடம்பில்தான் ஏதோ அழுக்கு என்று நம்பினாள்.

பஸ் எடுத்து நேரே தம்பியின் கிளினிக்குக்குப் போனாள். உள்ளேயிருந்த நோயாளி வெளியேறியதும் போய், ஸ்கான் படத்தை மேசையில் வைத்தாள். அவன் அதை உறையிலிருந்து எடுக்கவேயில்லை.

“உனக்குத் தெரியுமோ?”

“ஓம்.” கையுறையைக் கழற்றினான். “முதல்லை, நீங்கள் பயப்பிடுவியள் எண்டு நினைச்சன். பிறகு சொல்லேலாமல் போச்சு. நல்ல டொக்டர் ஒருத்தரைப் பிடிச்சு எடுப்பிச்சு விடுறன், அக்கா. வெளியிலை மட்டும் கதைக்காதேங்கோ.”

வேர் முறிந்ததைப் பற்றி அவளுக்குக் கோபம் ஒன்றுமில்லை. அன்றே சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.

“இந்த மணத்துக்காக உன்ரை மனுசி எனக்கெண்டு வேறை கப் எடுத்து வைச்சவள்,” என்றாள். “நீ பக்கத்திலை இருந்து, பாத்துக்கொண்டு தேத்தண்ணி குடிச்சனி.”

படத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

வெளியே நோயாளிகள் காத்திருக்கும் வாங்கில் ஓர் இளம்பெண் கைலேஞ்சியைக் கன்னத்தில் அழுத்தியபடி இருந்தாள். யோசப்பினைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டாள். யோசப்பின் உட்கார்ந்தாள்.

“டொக்டரின்ரை அக்காவெல்லோ? எனக்குக் கடைவாய்ப் பல்லு. சரியான பயமாக் கிடக்கு.” அந்தப் பெண் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். “அவர் கைராசிக்காரர் எண்டு சொல்லுகினம். உண்மையோ?”

உள்ளேயிருந்து தம்பியின் குரல் அடுத்தவரைக் கூப்பிட்டது. அந்தப் பெண் எழுந்தாள். யோசப்பின் அவளுடைய கையை விடவில்லை.