வேட்டி கட்டிய மரவள்ளி

பத்தாம் வகுப்பில் மரபியல் பாடம் ஆரம்பித்தால் பாதிப் பேருக்குத் தூக்கம் வரும், மீதிப் பேருக்குச் சிரிப்பு வரும். கோகிலவாணிக்கு வந்ததோ கோபம். உலகத்தில் பட்டாணியை விட்டால் வேறு செடியே கிடையாதா? கல்வராயன் மலையில் பட்டாணிச் செடியை எவன் பார்த்தான்? குருமாவில் மிதந்ததைப் பார்த்ததோடு சரி. இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் மரவள்ளிதான். கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் கீழே ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். குச்சியை நறுக்கி மறுபடி நட்டால் அடுத்த வருஷத்துக்குக் கிழங்கு. விதையைத் தேடி அலைய வேண்டாத பயிர்.

அந்தக் கிழங்கால்தான் வீட்டில் கவலையே. இரண்டு வருஷமாக அவர்கள் காட்டில் கிழங்கு பருக்கவில்லை. பிடுங்கினால் விரல் விரலாக வருகிறது. அப்பா பிச்சைமுத்து குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டார். அம்மா இருசம்மாள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

“இன்னும் ஒரே ஒரு நடவு பாப்பேன். அதுவும் இப்படியே மொளச்சிதுன்னா வூட்டப் பூட்டிக்கினு நாம ரெண்டு பேரும் அந்த மனுஷங்கிட்டயே போய்ட வேண்டியதுதான். காப்பிப்பழம் பறிக்கறதுக்குப் பதினொண்ணாவது எதுக்குடி?”

இருசம்மாள் சொன்னால் சொன்னதுதான். அவள் வாயிலிருந்து வந்ததைத் திரும்பி உள்ளே போக வைத்தவர்கள் ஊரில் யாரும் இல்லை. கோகிலவாணிக்குப் படிக்க வேண்டும். பெரிய லட்சியம் என்றெல்லாம் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்க விடுவார்களாம். அதைப் பார்க்காமல் குடகுக்குப் போக மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

அறிவியல் எடுக்கிற ஜெனிபர் டீச்சர் கள்ளக்குறிச்சிக்காரர். தினமும் காலை பஸ்ஸில் கச்சிராயப்பாளையம் தாண்டி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயில் ஒரு புளிப்பு மிட்டாயோடு வந்து இறங்குவார். இறங்கி ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டால் போதும், பிறகு அவரை நிறுத்த முடியாது.

“போர்டுல இருக்கறதப் பாத்து எழுதும்போது சுபாஷ் ஒரு எழுத்த விட்டுடறான். அவனப் பாத்து எழுதற பின் பெஞ்சு மொத்தமும் அதே எழுத்த விட்டுடுது. செல்லுக்குள்ள மரபணு நகல் எடுக்கும்போதும் இந்தக் கூத்து நடக்கும். அதுக்குப் பேருதான் சடுதிமாற்றம். சில தப்பால கெடுதல் வரும், சில தப்பால ஒண்ணும் ஆகாது. எப்பவாச்சும் ஒரு தப்பு நல்லதாவும் முடியும்.”

“அப்போ நான் நல்ல தப்பு, டீச்சர்” என்றான் சுபாஷ். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

மறுநாள் ஆளுக்கொரு சடுதிமாற்றத்தை ஊரிலிருந்து கண்டுபிடித்துக் கொண்டுவரச் சொன்னார் டீச்சர். சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. சுபாஷ் கழுத்தில் இறகே இல்லாத ஒரு கோழியைப் பையில் போட்டுக் கொண்டுவந்தான். அது பையை விட்டுப் பறந்து தலைமையாசிரியர் மேஜைவரை போய் வந்தது. கோகிலவாணி கொண்டுபோனது ஒரு மரவள்ளி இலை. பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக, ஓரம் சுருண்டு.

“எங்க காட்டுல பாதிக்கு மேல இப்படித்தான் டீச்சர். தேமல்னு சொல்லுவாங்க.”

“அடடா! அருமையான சடுதிமாற்றம்” என்று டீச்சர் அதைச் சுவரில் குத்தி, கீழே அவள் பெயரையும் எழுதினார். அன்றைக்கு முழுக்க கோகிலவாணிக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் வைரஸ் பாடம். “வைரஸுக்குத் தானா ஒண்ணும் செய்யத் தெரியாது. அடுத்தவன் செல்லுக்குள்ள பூந்து, அவன் அடுப்புலயே தனக்கு ஆக்கிக்கும். கொரோனா வந்துச்சே, ஒருத்தர்கிட்டேந்து பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தாவிச்சில்ல?” என்றார் டீச்சர்.

பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தாவும். கோகிலவாணிக்கு எங்கோ இடித்தது. அவர்கள் காட்டில் வேப்பமரத்தடிச் செடி ஒன்று ஆடி பிறந்தபோது சுத்தப் பச்சையாக இருந்தது. சாயங்காலம் ஓடிப்போய்ப் பார்த்தாள். கொழுந்தெல்லாம் தேமல். அதற்கு அடுத்த செடியிலும் ஆரம்பித்திருந்தது.

மறுநாள் எழுந்து நின்று கேட்டேவிட்டாள். “சடுதிமாற்றம் ஒரு செடியிலேந்து பக்கத்துச் செடிக்குத் தாவுமா டீச்சர்?”

“தாவாது. அது அந்தந்தச் செடியோட...” ஜெனிபர் டீச்சர் பாதியில் நிறுத்தினார். சுவரில் வாடிக் கிடந்த இலையைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். பிறகு போய் அந்த இலையைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தார்.

“நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன் கோகிலா. இது வைரஸா இருக்கலாம்னு தோணுது. உங்க காட்டுல கிழங்கு பருக்காததுக்கும் இதுதான் காரணமோ என்னவோ. நான் சொன்னேன்னு இதையும் நம்பிடாத. நீயே பாத்துச் சொல்லு.”

எப்படிப் பார்ப்பது? வகுப்பே கூடிக் கத்தி ஒரு வழி கண்டுபிடித்தது. தேமல் இல்லாத செடி ஒன்றிலிருந்தே இரண்டு குச்சி ஒடித்து இரண்டு பெயிண்ட் டப்பாவில் நட வேண்டும். இரண்டையும் தேமல் செடிகளுக்கு நடுவே வைக்க வேண்டும். ஒன்றை மூட வேண்டும், ஒன்றைத் திறந்துவிட வேண்டும். திறந்ததுக்கு மட்டும் தேமல் வந்தால், ஏதோ ஒன்று அதை வெளியிலிருந்து சுமந்துவருகிறது என்று அர்த்தம். சடுதிமாற்றம் அப்படிச் சவாரி செய்யாது.

மூடுவதற்குக் கோகிலவாணி எடுத்துப் போனது ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த கொசுவலையை. வீட்டில் இருந்ததே அது ஒன்றுதான்.

இருசம்மாள் ஆடித் தீர்த்துவிட்டாள். “மனுஷருக்கு இல்லாத கொசுவலை மரவள்ளிக்கா? ராத்திரியெல்லாம் சொறிஞ்சிக்கினு கெடக்குறது நானு, ராஜா மாதிரி தூங்கறது உன் குச்சியா? ஒடம்புல தேமல் வந்தா சாவா போறோம்? எலையில வந்தா வந்துட்டுப் போவுது. காலங்காலமா இப்படித்தான் கீது.”

காலங்காலமாக இருப்பதாலேயே ஒன்று சரியாகிவிடுமா என்று கேட்க கோகிலவாணிக்கு வாய் வரை வந்தது. கேட்டால் விளக்குமாறு வரும்.

குச்சிகள் துளிர்த்தன. இரண்டும் பச்சை. பிறகு திறந்த டப்பாவில் தேமல் வந்தது. கோகிலவாணி குதித்தாள். அந்தக் குதி அடங்குவதற்குள் கொசுவலைக்குள் இருந்த செடியிலும் வந்துவிட்டது.

“கொசுவுக்குத்தான் கொண்டாட்டம்” என்று சுபாஷ் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அம்மா வாயைத் திறக்கவில்லை என்றால் மனசுக்குள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள் என்று அர்த்தம்.

வலையைக் கழற்ற உட்கார்ந்த கோகிலவாணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆத்திரத்தில் செடியைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள். இலைக்கு அடியிலிருந்து கோலமாவைத் தூவியதுபோல எதுவோ எழும்பியது. பொடிப்பொடி வெள்ளை ஈ. அவள் மூக்கைத் துடைப்பதைக்கூட மறந்து பார்த்தாள். ஈ ஒன்று வலைக்கண் வழியாக வெளியே போனது. இன்னொன்று உள்ளே வந்தது. வாசல் வழியாக விருந்தாளி வருகிற மாதிரி, சாவகாசமாக!

“ம்மா! ம்மோவ்! இங்க வாயேன்! வலை கொசுவத்தான் தடுக்கும். இந்தச் சனியன் கொசுவ விடப் பொடிசும்மா!”

இருசம்மாள் களைக்கொத்தோடு வந்து குனிந்து பார்த்தாள். ஈயைப் பார்த்தாள். மூக்கும் கண்ணும் சிவந்து உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள். விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் பிச்சைமுத்துவின் மல்லு வேட்டி. கோயில் திருவிழாவுக்கு மட்டும் கட்டுவதற்காகப் பெட்டியில் மடித்து வைத்தது.

“அப்பாது ஆச்சேம்மா!”

“அந்த மனுஷனே ஊருல இல்ல, வேட்டி மட்டும் இன்னாத்துக்கு? இதுல எந்த ஈ பூருதுன்னு பாக்கறேன்.”

மறுபடி இரண்டு டப்பா, மறுபடி இரண்டு குச்சி. போகிறவர் வருகிறவரெல்லாம் “இன்னா இருசம்மா, மாப்பிள்ள யாரு, வேட்டி கட்டிக்கினு நிக்கிறாரு?” என்று கேட்டார்கள். “எம் மருமவன். உனுக்கு இன்னா?” என்றாள் இருசம்மாள். ஐப்பசி மழை பிடித்தபோது வேட்டிக்கு மேல் பழைய குடை ஒன்றையும் நட்டுவைத்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகத்தான்.

கார்த்திகையில் ஜெனிபர் டீச்சர் காட்டுக்கே வந்தார். திறந்த செடியில் தேமல். வேட்டியை அவிழ்த்தார்கள். உள்ளே ஒரு பொட்டு மஞ்சள் இல்லாமல் சுத்தப் பச்சையாக நின்றது செடி. சுபாஷே கைதட்டினான். டீச்சர் கோகிலவாணியின் தோளைப் பிடித்துக்கொண்டு, “வைரஸ்தான். நீ சந்தேகப்பட்டதுதான் சரி” என்றார். இருசம்மாள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

“ஈ வந்து குடுக்குது சரி. நட்டதுமே தேமலோட மொளைக்குதே, அது எப்படி?” என்று கேட்டாள்.

“நோயாளிச் செடியோட குச்சிய நடறோம்ல, குச்சிக்குள்ளயே வைரஸ் இருக்கும்மா” என்றாள் கோகிலவாணி. “நாமதான் வருஷா வருஷம் அதக் கையால நட்டுக்கினு வர்றோம்.”

இருசம்மாள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பின்னே, எத்தனை வருஷ நடவு!

ஆனால் ஒரு சிக்கல். மாசியில் கிழங்கு பிடுங்கும்போது இலையெல்லாம் கொட்டி மொட்டைக் குச்சியாக நிற்கும். எது நல்லது, எது கெட்டது என்று கடவுள்தான் சொல்ல வேண்டும். இலை இருக்கும்போதே அடையாளம் வைத்தால்தான் உண்டு. இருசம்மாள் யோசிக்கவேயில்லை. வேட்டியைப் பல்லால் கடித்துப் பர்ரென்று கிழித்தாள். தாயும் மகளும் காடு முழுக்க நடந்து, தேமல் இல்லாத செடிக்கெல்லாம் ஒரு கிழிசலைக் கட்டினார்கள். வேட்டிதான் மிஞ்சியது. அவ்வளவு குறைவு, நல்ல செடி.

அதில் ஒரு செடி விசித்திரமாக இருந்தது. நாலு பக்கமும் தேமல் செடிகள். இலைக்கடியில் வெள்ளை ஈ மொய்த்துக் கிடக்கிறது. இது மட்டும் பச்சைப் பசேலென்று நிற்கிறது.

“டீச்சர், இதுவும் அதே குச்சியிலேந்து வந்ததுதானே? இது மட்டும் ஏன்?”

ஜெனிபர் டீச்சர் அதை வெகுநேரம் சுற்றிச் சுற்றி வந்தார். “நீ தேடின சடுதிமாற்றம் இதுவா இருக்கலாம். நல்லதா முடிஞ்ச தப்பு. சும்மா அதிர்ஷ்டத்துல தப்பிச்சதாவும் இருக்கலாம். இந்தத் தடவ நான் அவசரப்பட மாட்டேன்பா.” அந்தச் செடிக்குக் கோகிலவாணி தன் சிவப்பு ரிப்பனைக் கட்டினாள்.

மாசியில் கிழங்கு எதிர்பார்த்தபடியே விரல் விரலாக வந்தது. கிழிசல் கட்டிய செடிகளின் குச்சிகளைத் தனியாக நிழலில் நிறுத்திவைத்தார்கள். அதற்குள் பரீட்சை வந்தது, போனது. சித்திரை மழைக்கு நட இறங்கியபோது அந்தக் குச்சி காட்டில் கால்வாசிக்குக்கூடப் போதவில்லை. பக்கத்துக் காட்டு அரங்கநாதன் நல்ல மனுஷர். கட்டுக் கட்டாகக் குச்சி கொண்டுவந்து போட்டார்.

“காசெல்லாம் வாணாம் இருசம்மா. காட்டச் சும்மா போட்டுடாத.”

இருசம்மாள் அந்தக் குச்சிகளைப் பார்த்தாள். எவ்வளவு பருமன்! வெறும் காட்டைப் பார்த்தாள். கோகிலவாணி மனசுக்குள் கணக்குப் போட்டாள். அம்மா அதை வாங்கி நட்டால் எல்லாம் போச்சு. வேண்டாமென்றால் முக்கால் காடு வெறுங்காடு. எது ஆனாலும் குடகு வண்டி ரொம்பத் தூரத்தில் இல்லை.

“உங்க மனசு பெருசுங்க. ஆனா இதுல நோய் இருக்குதுங்க, எம் பொண்ணு கண்ணால பாத்துட்டா” என்றாள் இருசம்மாள். “மீதிக்குச் சாமை வெதச்சிக்கிறேன்.”

அரங்கநாதன் தலையில் அடித்துக்கொண்டு போனார். ஊரே சிரித்தது. அம்மா சிரிப்பவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம். கோகிலவாணி பாஸாகியிருந்தாள். சேர்வதற்கு ஒரே ஒரு நாள் பாக்கி. குடகுக்கு ஆள் கூட்டிப்போகிற மேஸ்திரி வெற்றிவேல் காட்டோரமாக வேனை நிறுத்தி ஹாரனை அழுத்தினான்.

“இன்னாக்கா, மொள பாத்துச் சொல்றேன்னியே. வர்றியா இல்லியா? அண்ணன் கேட்டுக்கினே கீறாரு.”

“இரு, வர்றேன்” என்று இருசம்மாள் காட்டுக்குள் இறங்கினாள். கோகிலவாணி பின்னாலேயே போனாள். முதல் வரிசை பச்சை. இரண்டாவது பச்சை. மூன்றாவதில் ஒரு கன்றில் மஞ்சள் திட்டு. கோகிலவாணி நின்றுவிட்டாள். இருசம்மாள் நிற்கவில்லை. குனிந்து, அந்தக் கன்றை வேரோடு பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு மேலே நடந்தாள். பயிரில் ஒரு கன்றை மிதித்தால்கூட வைகிறவள்! இன்னும் இரண்டு மூன்று கிடைத்தன. அவற்றையும் பிடுங்கினாள். மற்றதெல்லாம் பச்சை.

கடைசி வரப்பில், அரங்கநாதன் காட்டை ஒட்டி, சிவப்பு ரிப்பன் செடியின் குச்சிகளை நட்டிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு கன்றும் தேமலோடு நின்றது. இந்தப் பக்கம் ஈ வந்து உட்கார்ந்துதான் இருந்தது. ஒரு கன்றில்கூட மஞ்சள் இல்லை. கோகிலவாணி அப்படியே மண்ணில் மண்டியிட்டு இலைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். “டீச்சருக்குச் சொல்லணும், டீச்சருக்குச் சொல்லணும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெற்றிவேல் மறுபடி ஹாரனை அழுத்தினான். “பயிர ஏன்க்கா புடுங்கறே? பைத்தியமா?”

“அது வைரஸுடா. உனுக்கு இன்னா தெரியும்!” இருசம்மாள் மடியை உதறிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். “அந்த மனுஷங்கிட்டப் போய்ச் சொல்லு. கோயில் வேட்டிய நாந்தான் கிழிச்சிட்டேன், வரும்போது வேற வாங்கிக்கினு வரச் சொல்லு. நாங்க வரல. பொண்ணு நாளைக்குப் பதினொண்ணாவது சேர்றா.”