மூன்றாவது தட்டு

இப்போதெல்லாம் யார் வேண்டுமானாலும் வாசலில் வந்து நின்று உள்ளே எத்தனை பேர் என்று கேட்கிறார்கள்; முகம் சுளித்தால் நமக்குத்தான் மரியாதை தெரியவில்லையாம். கிணறு வெட்டும் கிழவர் வீட்டில், செத்துப்போன மகன் தினமும் மதியம் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில் இப்படி மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் மண்ணை ஆராய்பவர், இன்னொருவர் தண்ணீரை, கூட வந்த பெண், ஜனங்களை. ஊர் முன்னேற மூன்று படிப்பும் சேர வேண்டுமாம். கிழவர் ஒரு படிப்பையே நம்பாதவர்.

மகன் கடப்பாரையை எறிந்துவிட்டு டவுனுக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பியபோது, இனி உனக்கு இந்த வீட்டில் சோறு கிடையாது என்று சொல்லி அனுப்பியவர் அவர். மழையில் அவன் நின்ற சாரம் சரிந்தது. அடக்கம் முடிந்த மறுநாளே மனைவி மூன்றாவது தட்டில் சோறு போட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். திறந்தபோது தட்டு காலி. பூனை என்றார் கிழவர். வருஷங்கள் ஓடின, அந்தப் பூனைக்கு மட்டும் வயசாகவில்லை.

கணக்கெடுக்க வந்த மூவரிடமும், வீட்டில் மூன்று பேர் என்றாள் மனைவி. புதுக் குழாயில் ஆள் கணக்குக்குத்தான் தண்ணீர் என்பதால், பேராசை என்றது ஊர். மண்காரர் காலித் தட்டைப் பார்த்துவிட்டுத் தன் படிப்பில் இது வராது என்றார். தண்ணீர்க்காரர் தட்டருகே இருந்த சொம்பைக் கவிழ்த்துப் பார்த்து அதையே சொன்னார். இருவரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள்.

"ஒரே அடுப்புல சாப்பிடறவங்க எல்லாரும் அந்த வீட்டு ஆளு. இதுதாம்மா எங்க விதி. உசிரோட இருக்கணும்னு அதுல இல்ல" என்றாள் அவள். பிறகு கிழவரிடம், "நீங்க சொல்லுங்கய்யா, எத்தனை பேரு?"

மனைவி அவர் வாயையே பார்த்தாள்.

"ரெண்டு. செத்தவனுக்கு எதுக்குத் தண்ணி?"

மறுநாள் மூன்றாவது தட்டில் சோறு போட்டது போட்டபடி இருந்தது. அடுத்த நாளும். மனைவி சண்டைக்கு வரவில்லை. "அன்னைக்கும் இப்படித்தான் சொல்லி அனுப்பினீங்க" என்றாள். அதோடு பேச்சையும் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டாள்.

மூவரும் ஊரைவிட்டுக் கிளம்பிய காலையில் கிழவர் ஜீப்பை மறித்தார்.

"மூணுன்னு போட்டுக்கம்மா."

"நம்பிட்டீங்களாய்யா?"

"நம்பல. அவ சாப்பிடணும். போட்டுக்க."

அன்று மதியம் தன் சோற்றையும் மூன்றாவது தட்டில் கொட்டிவிட்டு, கதவைத் தானே சாத்திக்கொண்டு படியிறங்கினார். உள்ளே, நாலு நாள் பட்டினி கிடந்தவன் அள்ளிப்போடுகிற மாதிரி சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கொல்லைப்பக்கம் யாரோ கை கழுவினார்கள். திண்ணையில் இருந்த மனைவி தன் தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். அந்த வருஷம் தொட்டு அந்த வீட்டுக்கு மூன்று ஆளுக்கான தண்ணீர் வருகிறது.

பூனைதான் என்று முனகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார் கிழவர்.