ஞானம்மாள் கப்பலேற்றிய ஒயின்

என் மனைவி ஞானம்மாளுக்கு ஒரு குணம் உண்டு. ஒன்றைச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டால், குறுக்கே நிற்பது புருஷனா, பாதிரியாரா, இந்திய அரசாங்கமா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். கல்யாணமான புதிதில் அது எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. எண்பத்தொன்பதாம் வருஷம் பொங்கல் கழிந்து, எங்கள் ஒரே மகள் செல்வமேரியின் கல்யாணத்துக்குப் புறப்பட்டபோது, அந்தக் குணம் என்னைத் துறைமுகத்தில் நாலு பேர் முன்னால் நிறுத்தி வைத்து வேடிக்கை காட்டியது.

செல்வமேரி போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளை ஏசுபாதம் அந்த ஊர்த் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்காது என்பதால் கல்யாணத்தை அங்கேயே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா ரத்தினபாய் ஒருநாள் டிரங்க் கால் போட்டு, சேலையூரில் எங்கள் பக்கத்து வீட்டு டெலிபோனில் பேசினார்.

"நீங்க ஒண்ணும் கொண்டுவர வேணாம். எல்லாம் இங்கயே பாத்துக்கிடுறோம். கடல் தாண்டி எதுக்கு வீண் அலைச்சல்? பொண்ணு மட்டும் இருந்தாப் போதும்."

எனக்கு அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. எந்தச் சம்பந்தி இப்படிச் சொல்கிறாள்? ஆனால் ரிசீவரை வைத்த ஞானம்மாளின் மூக்கு நுனி சிவந்திருந்தது.

"பாத்தீங்களா பேச்சை? நாம வந்தா என்ன, வராட்டி என்னங்கிறாங்க. நம்ம பொண்ணு என்ன அநாதையா?"

"அவங்க நல்ல மனசோட சொல்றாங்க, ஞானம்."

"நல்ல மனசாம். ஒயின் இல்லாம என் பொண்ணு அந்த வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டா."

ஒயின் விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோயிலில் முதல் ஓலை வாசிக்கும் ஞாயிற்றுக்கிழமை, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவிக்கும் அன்று, பெண்ணைப் பெற்றவள் வீட்டுக்கு வந்து தன் கையால் திராட்சை பிசைந்து ஜாடியில் போடுவாள். எங்கள் குடும்பங்களில் இது பரம்பரை வழக்கம். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் அதை வடிகட்டி, முதல் கிளாஸை மகள் கையில் கொடுத்து, நல்லா இரும்மா என்பாள். மற்றவர்களுக்கெல்லாம் அப்புறம்தான். கடையில் வாங்கினது செல்லாது. அம்மா இல்லாத பெண்ணுக்கு அத்தையாவது சித்தியாவது போடுவார்கள். அந்தக் கிளாஸ் கிடைக்காமல் புருஷன் வீட்டுக்குப் போகிறவளைக் கேட்க ஆளில்லாதவள் என்பார்கள். ஞானம்மாளின் மூக்கு சிவந்ததற்கு இதுதான் காரணம்.

தாம்பரம் மார்க்கெட்டில் பழக்கடை வைத்திருந்த பாட்சாவிடம் பன்னீர் திராட்சைக்குச் சொல்லி வைத்தேன். பாட்சா ஐந்து வேளையும் தொழுகிறவர். ஞானம்மாள் பழத்தை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா, பழம் குடுக்குறது மட்டும்தான் என் வேலை. வூட்டாண்ட போயி அது இன்னாவா ஆவுதுன்னு எனக்குத் தெரியாது, நீயும் சொல்லாத."

மூன்று வாரம் ஜாடி எங்கள் சமையலறை மூலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஞானம்மாள் தினமும் மரக்கரண்டியால் கிளறினாள். என்னை ஒரு சொட்டு தொட விடவில்லை. இதற்கிடையே கப்பல் டிக்கெட் வாங்கப் போன இடத்தில் கிளார்க் தெளிவாகச் சொல்லிவிட்டார். வெளியிலிருந்து எந்த மதுவும் கப்பலில் ஏறக் கூடாது. நான் முப்பது வருஷம் எலக்ட்ரிக் ரயிலில் கார்டாக இருந்தவன். ஜனங்கள் எதையெல்லாம் எப்படியெல்லாம் மறைத்துக் கொண்டுபோவார்கள் என்று எனக்கா தெரியாது? பாட்சாவிடம் ஐந்து காலி நன்னாரி சர்பத் பாட்டில்களை லேபிளோடு வாங்கி வந்து, ஒயினை அதில் ஊற்றி மூடினேன். நிறம்கூடக் கிட்டத்தட்ட ஒத்துப்போயிற்று. ஞானம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்பட்ட அன்று தாம்பரத்தில் விடிகாலை ரயிலேறி பீச் ஸ்டேஷனில் இறங்கினோம். துறைமுகத்தில் மூட்டை முடிச்சுகளைச் சோதிக்கும் மேஜை முன்னால் நீண்ட வரிசை. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு இளைஞர், கப்பல் அதிகாரி, எங்கள் பையைத் திறந்தார். ஒரு பாட்டிலைத் தூக்கினார், லேபிளைப் பார்த்தார், திரும்ப வைத்தார்.

"சர்பத்தா? சரி, போங்க."

நான் பையை மூடப்போனேன். ஞானம்மாள் என் கையைப் பிடித்தாள்.

"தம்பி, அது சர்பத் இல்ல. ஒயின். எங்க வீட்டுல போட்டது. என் பொண்ணு கல்யாணத்துக்குக் கொண்டுபோறேன்."

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த இளைஞர் பாட்டிலை மறுபடி எடுத்து, மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"அம்மா, இதெல்லாம் அலவுடு இல்லைங்க. ரூல். கேபின் பாசஞ்சர்ஸுக்கு உள்ளேயே பார் இருக்கு. வேணும்னா அங்க வாங்கிக்கலாம்."

"காசு குடுத்து உங்க சரக்கைக் குடிக்கலாம், நான் போட்டதை எடுத்துட்டுகூடப் போகக் கூடாதா?"

"ஆமாம்மா," என்றார் அவர். மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அப்போது அதை ரசிக்கிற நிலையில் நான் இல்லை. ஞானம்மாளை ஓரமாக இழுத்துப் போனேன்.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா என்ன குறைஞ்சு போயிருப்ப? போகச் சொல்லிட்டாரே அந்த ஆளு!"

"சர்பத்னு பொய் சொல்லி ஏத்துனதைக் கையில குடுத்து, நல்லா இரும்மான்னு எப்படிங்க சொல்றது?"

அடுத்த கப்பல் இரண்டு வாரம் கழித்துத்தான். கல்யாணம் வரும் வியாழக்கிழமை. ஒயினை விட்டுவிட்டு ஏறுவது, அல்லது ஏறாமலே வீட்டுக்குப் போவது, இரண்டே வழிதான் எனக்குத் தெரிந்தது. ஞானம்மாள் கொஞ்ச நேரம் கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நேராக அந்த இளைஞரிடம் போனாள்.

"தம்பி, காலி பாட்டில் ஏத்தலாமா?"

"ஏத்தலாம்."

"பழம்?"

"தாராளமா."

"சர்க்கரை? ஒரு ஜாடி?"

"அம்மா, எது வேணா எடுத்துட்டு வாங்க. லிக்கர் மட்டும் வேணாம்."

"சரி. வார்த்தை மாறக் கூடாது."

பாட்டில்களை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் இருந்த சாக்கடைக்குப் போனாள். யாரையும் தொட விடாமல் ஐந்தையும் தானே கவிழ்த்தாள். மூன்று வாரம் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டது. நல்ல சிவப்பாக ஓடியது. பக்கத்தில் நின்ற ஒரு போர்ட்டர், "ஐயோ, இன்னாம்மா பண்றே, பாவம்மா!" என்று நிஜமாகவே வருத்தப்பட்டான். தெளிந்த ஒயினெல்லாம் போனதும், அடியில் சேறு மாதிரி தங்கியிருந்த மண்டியை மட்டும் ஒரே பாட்டிலில் சேர்த்துக்கொண்டாள். தயிருக்கு உறை வைப்பதுபோல, அதைக் கொஞ்சம் ஊற்றினால் புதுப் பழம் சீக்கிரம் பொங்கும்.

"நின்னு பாக்காதீங்க. கொத்தவால்சாவடிப் பக்கம் ஓடுங்க. பன்னீர் திராட்சை ரெண்டு கூடை, சர்க்கரை, ஒரு ஊறுகாய் ஜாடி. கப்பலை நான் பாத்துக்கறேன்."

கப்பலை அவள் பார்த்துக்கொள்வாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆட்டோ பிடித்து ஓடினேன். வெள்ளிக்கிழமை நெரிசலில் வண்டி நகரவில்லை. இறங்கி நடந்தேன், வாங்கினேன், ஜாடியைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தேன். கடைசி ஆட்களாக ஏறினோம். மண்டி பாட்டிலை அந்த இளைஞர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்னம்மா, அடியில?"

"மண்டி. குடிச்சுப் பாரு தம்பி, வாந்திதான் வரும்."

அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எங்களுக்கு டிக்கெட் பங்க் கிளாஸில். கப்பலின் அடித்தட்டில், ஒன்றின் மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள். மெரினா கண்ணிலிருந்து மறைவதற்குள் ஞானம்மாள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு திராட்சை பிசைய ஆரம்பித்துவிட்டாள். எதிர்க் கட்டிலில் இருந்த அம்மாள் முதலில் முகத்தைச் சுளித்தாள். கல்யாணக் கதையைக் கேட்டதும் அவளே காம்பு கிள்ளித் தந்தாள். நானோ கடல் ஆட ஆரம்பித்ததும் சுருண்டுவிட்டேன். கண்ணைத் திறந்தபோதெல்லாம் ஞானம்மாள் இரண்டு காலுக்கும் நடுவில் ஜாடியை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கப்பல் இந்தப் பக்கம் சாய்ந்தால் அவள் ஜாடியை அந்தப் பக்கம் சாய்த்தாள். புருஷன் பிழைப்பானா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கரை வருவதற்கு முந்தின நாள், வாசனை பிடித்துக்கொண்டு அதே இளைஞர் வந்து நின்றார். துணிக்கு அடியில் ஜாடி சோடா மாதிரி இரைந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"பழம்தானே ஏத்துனீங்க?"

"பழம்தான் தம்பி ஏத்துனேன். நீங்கதான் பாத்தீங்களே."

அவர் ஜாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாளியைப் பிடித்துக்கொண்டு கிடந்த என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு இறங்கிடுவீங்க இல்ல? அதுவரைக்கும் நான் இந்தப் பக்கம் வரலை," என்று சொல்லிவிட்டு ஏணியேறிப் போய்விட்டார்.

போர்ட் பிளேர் ஜெட்டியில், கப்பல் அணையும் மேடையில், செல்வமேரி ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால், ஒல்லியாக, வெள்ளைச் சேலையில் ரத்தினபாய் நின்றார். ஞானம்மாள் அவருக்கு ஒரு வணக்கம் போட்டாள். சிரிக்கவில்லை. ஜாடியை யாரிடமும் கொடுக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம், மாப்பிள்ளை வீட்டார் நாங்கள் தங்க எடுத்துக் கொடுத்த வீட்டின் சமையலறையில் ஞானம்மாள் என் வெள்ளை வேட்டியைக் கிழித்து ஜாடியில் இருந்ததை வடிகட்டினாள். செல்வமேரியும் நானும் பக்கத்தில் இருந்தோம். கலங்கலாக, நுரையோடு, பாதி சாறும் பாதி ஒயினுமாக இறங்கியது. ஞானம்மாள் விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது. அத்தனை நாளில் அப்போதுதான் அவளை அப்படிப் பார்த்தேன்.

"இன்னும் ஆகலைங்க. ஒயினே இல்ல இது."

அந்த நேரம் பார்த்து ரத்தினபாய் உள்ளே வந்தார். கிழிந்த வேட்டியையும் ஜாடியையும் பார்த்தார்.

"இதுக்கா அக்கா இம்புட்டுப் பாடு? பொண்ணு மட்டும் இருந்தாப் போதும்னு நான்தான் சொன்னேனே."

ஞானம்மாள் திரும்பினாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்தது.

"அதான் சம்பந்தியம்மா, அதைத்தான் என்னால தாங்க முடியல. என் பொண்ணு தனியா வந்து நிக்க அவ ஒண்ணும் ஆளில்லாதவ இல்ல. அப்பன் இருக்கான், ஆத்தா இருக்கேன். கடல் என்ன கடல், இன்னும் ரெண்டு கடல் இருந்தாலும் நாங்க வந்திருப்போம். எங்களை எப்படி வர வேணாம்னு சொல்லுவீங்க?"

நான் செத்தேன் என்று நினைத்தேன். நாளைக்குக் கல்யாணம். ரத்தினபாய்க்குக் கோபம் வரவில்லை. சுவரோரம் இருந்த பலகையில் மெதுவாக உட்கார்ந்தார்.

"நான் அப்படித்தான்க்கா வந்தேன்," என்றார். "எங்க வீட்டுல கப்பலுக்கு வசதி இல்ல. தெரிஞ்சவங்களோட என்னை மட்டும் ஏத்தி விட்டாங்க. அம்மா அடுத்த கப்பல்ல வர்றேன்னு சொன்னா. இங்க இருக்கிறவங்களைச் சாட்சி வச்சுக் கல்யாணம் முடிஞ்சுது. அப்புறம் மெட்ராஸ் கப்பல் வர்ற அன்னைக்கெல்லாம் ஜெட்டிக்குப் போய் நிப்பேன். பெரியவன் பொறந்து அவனை இடுப்புல வச்சுக்கிட்டுகூடப் போயிருக்கேன். அவ வரவே இல்ல. வர முடியாதவங்களுக்கு, வர முடியலையேன்னு மனசு எவ்வளவு அடிச்சுக்கும்னு எனக்குத் தெரியும். அதான், உங்களுக்கு அந்தக் கஷ்டம் வேணாம்னு சொன்னேன். வேற ஒண்ணும் நினைக்கலக்கா."

செல்வமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஞானம்மாள் அலமாரியிலிருந்து ஒரு கிளாஸை எடுத்து, முந்தானையால் துடைத்து, ஜாடியைச் சாய்த்து நிறைய ஊற்றினாள். நுரை அடங்கும்வரை காத்திருந்தாள். அந்த முதல் கிளாஸுக்காகத்தான் அவள் துறைமுகத்தில் மூன்று வார உழைப்பைச் சாக்கடையில் கொட்டியிருந்தாள். நான் மகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

ஞானம்மாள் மகளைத் தாண்டிப் போய், ரத்தினபாயின் இரண்டு கைகளையும் விரித்து, கிளாஸை அதற்குள் வைத்தாள்.

"நல்லா இரும்மா," என்றாள். "குடி. அடுத்தது செல்விக்கு."