தலையசைப்புக்குப் பிறகு ஒரு சொல்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மோசடியைத் தேடிப் போனபோதுதான் இந்தக் கதை அகப்பட்டது. வாரப் பத்திரிகைத் தொடருக்கு அவசரமாக ஒரு கள்ள உயில் தேவைப்பட்டது. எடைக்கு வாங்கிய பழைய சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். முஸ்லிம் உயில்கள் பற்றிய அத்தியாயத்தில் ஒரு பத்தி. நோயால் பேச முடியாதவர், நினைவு தெளிவாக இருக்கையில், தலையை அசைத்தே ஒருவருக்குச் சொத்துக் கொடுக்கலாம். பேச்சு திரும்பாமலே இறந்துபோனால் அந்த அசைவே உயில்.

காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை. ஒரு தலை, மேலும் கீழும், ஒரே ஒரு முறை. படித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கள்ள உயிலை அப்படியே விட்டுவிட்டேன்.

2.

முதல் தொடக்கம்: கொடைக்கானல் ஏரியைப் பனி மூடியிருந்தது. பனிக்குள்ளிருந்து ஒரு துப்பாக்கி

[துப்பாக்கி எதற்கு? பழக்கதோஷம்.]

இரண்டாவது: 1959, ஜூன். பழனியிலிருந்து வத்தலக்குண்டு சுற்றி மலையேறி வந்த பஸ்ஸிலிருந்து, ஒரு சாட்சியின் வாக்குமூலம் எழுதி வாங்க இறங்கினாள் சண்முகவள்ளி. சட்டம் படித்து முடித்துவிட்டு, இராமலிங்கம் வக்கீலிடம் எட்டு மாதமாகத் தொழில் பழகுகிறவள்.

இது இருக்கட்டும்.

எட்டு மாதமும் அவள் படியெடுத்தவை இந்துக் குடும்பங்களின் உயில்கள். ஒரு சாட்சிக் கையெழுத்து குறைந்ததற்காக ஒரு தென்னந்தோப்பே கைமாறிப் போனதைக் கண்ணால் பார்த்தவள். அவளிடம் போய், ஒரு கம்பளிக் கடை தலையசைப்பில் நிற்கிறது என்றால்? வழக்குக் கட்டை மறுபடி அவிழ்த்துப் பார்த்தாள். உண்மைதான்.

3.

கடைக்காரர் ஒலியுல்லா. மனைவி முன்பே போய்விட்டார், பிள்ளை இல்லை. எடுத்து வளர்த்த மகள் நஜீமாவுக்கு வாரிசுரிமை கிடையாது. உயில் இருந்தால் மூன்றில் ஒரு பங்குவரை சேரும். இல்லையென்றால் கடையும், அதன் பின்னால் அவள் குடியிருக்கும் ஒற்றை அறையும், ஒலியுல்லாவின் தம்பி அலாவுதீனுக்கு.

பக்கவாதத்தில் வாயடைத்துப் படுத்த ஐந்தாம் நாள், பக்கத்துத் தையல்காரர் ஜலீல் குனிந்து கேட்டார்: "அண்ணே, மூணுல ஒரு பங்கு நஜீமாவுக்குத்தானே?" தலை அசைந்தது. நாலு பேர் பார்த்தார்கள்.

ஒன்பதாம் நாள் விடியலில் மௌத்து; உயிர் பிரிந்தது. பக்கத்தில் நஜீமா மட்டும்.

அலாவுதீனை வில்லனாக்க மூன்று முறை முயன்றேன்.*

* முறுக்கு மீசை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அண்ணனைப் புரட்டிப் படுக்கவைத்துத் துடைத்துவிட்டவர் அவர்தான். அன்றைக்கு விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கடைசிவரைக்கும் பேச்சு வரலைன்னு அவ சொல்லட்டும். நான் ஒதுங்கிக்கிறேன்."

4.

"வாங்க வக்கீலம்மா. சாயா குடிங்க, மொகமெல்லாம் வெளிறிக் கெடக்கு."

"நான் இன்னும் வக்கீல் இல்லைங்க. பழகுற ஆளு."

"எங்கிட்டயா பழகப் போறீக?" நஜீமா சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

நஜீமாவின் வக்கீல் இராமலிங்கம்தான்; அவருக்காகச் சண்முகவள்ளி தாளை விரித்தாள். "ஒண்ணுதான் கேக்கணும். அத்தாவுக்குக் கடைசிவரை பேச்சு வரலைதானே?"

"வந்துச்சே."

பேனா நின்றது.

"என்ன பேசினாங்க?"

"'நஜீமா'ன்னாக. அம்புட்டுத்தான். அப்பறம் கண்ணு நிலைச்சுப்போச்சு."

பேச்சு திரும்பியிருந்தால் தலையசைப்பு உயிலாகாது என்ற சட்டத்தைச் சண்முகவள்ளி சொன்னாள். மெதுவாக, இரண்டு முறை சொன்னாள். பிறகு, தான் கேட்டிருக்கவே கூடாத ஒன்றைக் கேட்டாள்: "அது ஒரு மொனகலா இருந்திருக்கும், இல்லையா?"

நஜீமா டம்ளரைக் கீழே வைத்தாள். "நான் சொன்னதுல வேண்டியதை மட்டும் பொறுக்கியா எழுதப் போறீக? பேச்சத்துக் கெடந்த மனுசன், இருந்த தெம்பையெல்லாம் கூட்டி எம்பேரைக் கூப்புட்டிருக்காக. அதை மொனகல்னு நானே சொல்லவா? ரூமுக்காகவா?"

"ரூம் போயிரும் நஜீமா."

"போகட்டும்க்கா. எழுதுங்க வெரசா."

5.

இங்கே முடிவுகள் வரிசையில் நிற்கின்றன. ஒரு பெயர் மட்டும் பேச்சாகாது என்று நீதிபதி சொல்லலாம். ஆகும் என்றும் சொல்லலாம். அலாவுதீன் வழக்கே வேண்டாமென்று

[இல்லை. அவர் நல்லவர் என்பதற்காக என் வேலையை அவர் தலையில் கட்டக் கூடாது.]

தீர்ப்பை நான் எழுதப்போவதில்லை. யாருக்குச் சொத்து என்பதைக் கடைசி அத்தியாயம்வரை ஒளித்துவைத்தே பிழைத்தவன் நான். இந்தப் பெண் முன்னால் அந்த வித்தை பலிக்கவில்லை. தீர்ப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வழங்கும் முன் இதை மட்டும் கேளுங்கள்.

எழுதியதைச் சாட்சிக்குப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். சண்முகவள்ளி படித்தாள்: "இறக்கும் முன் என் தகப்பனாருக்குப் பேச்சு திரும்பியது. 'நஜீமா' என்று என்னைக் கூப்பிட்டார்."

"அந்த எடத்தை இன்னொருக்கப் படிங்கக்கா."

படித்தாள்.

"இன்னொருக்க."